இன்டெக்ஸ் போட்டும் ரிப்போர்ட் நகரவில்லையே, ஏன்?

கேள்வி: மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கம் பல அரிசி ஆலைகளுக்கு என் கொள்முதல் மென்பொருள் ஓடுகிறது. தரவுத்தளம் மைஎஸ்க்யூஎல் 8. மூட்டைக்கு ஒரு ரெக்கார்டு; இப்போது 1.8 கோடி. ஒரு கிராமத்தின் சம்பா கொள்முதலை எடுக்க 4 நிமிடம் ஆகிறது. தேதிக்கு இன்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் வரிசைப் பட்டியல்) போட்டும் பயனில்லை. தகவல் கேட்கும் கட்டளையான க்வெரியை இணைத்துள்ளேன். ரேம் கூட்டலாமா?

பதில்: பணம் செலவழிக்கும் முன் அந்த க்வெரியின் தலையில் எக்ஸ்பிளெய்ன் (EXPLAIN) என்று சேர்த்து ஓட்டிப் பாருங்கள்; மைஎஸ்க்யூஎல் எப்படித் தேடப்போகிறது என்று காட்டும். கடைமடைக்குத் தண்ணீர் வராவிட்டால் வாய்க்காலோடு நடந்து அடைப்பைத் தேடுவோமே, அதே வேலைதான் இது. ‘டைப்’ என்ற இடத்தில் ‘ஆல்’ (ALL) என்றும், ‘கீ’ என்ற இடத்தில் ‘நல்’ (NULL, எதுவுமில்லை) என்றும் வந்தால், டேபிள் முழுவதையும் படிக்கிறது என்று பொருள். உங்களுக்கு அப்படித்தான் வரும். அடைப்பு இரண்டு இடத்தில் இருக்கிறது.

முதலாவது, தேதியை இயர், மந்த் ஃபங்ஷன்களுக்குள் போட்டு 2025, ஜனவரி முதல் மார்ச் என்று தேடுகிறீர்கள். இன்டெக்ஸில் வரிசையாக இருப்பவை முழுத் தேதிகள். ஃபங்ஷனின் விடை அதில் இல்லை என்பதால் ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. ‘2025 ஜனவரி 1 முதல், ஏப்ரல் 1-க்கு முன்’ என்று நேரடி வரம்பாக எழுதுங்கள். பிட்வீன் போட்டு மார்ச் 31 என்று முடித்துவிடாதீர்கள். ஃபீல்டில் நேரமும் சேர்ந்திருந்தால், அன்று பகலில் எடைபோட்ட மூட்டையெல்லாம் கணக்கில் விட்டுப்போகும். விவசாயியின் பணம் அது.

இரண்டாவது சட்டென்று கண்ணில் படாது. கிராமக் குறியீடு வார்கேர், அதாவது எழுத்துவகை ஃபீல்டு. நீங்கள் மேற்கோள்குறி இல்லாமல் 412 என்று எண்ணாகக் கொடுத்திருக்கிறீர்கள். மைஎஸ்க்யூஎல் ‘0412’ என்ற எழுத்தையும் எண்ணாக மாற்றி ஒப்பிடுவதால் விடை சரியாகவே வரும். ஆனால் அந்த ஃபீல்டில் இன்டெக்ஸ் இருந்தாலும் தேடப் பயன்படாது. ‘0412’ என்றே கொடுங்கள்.

அப்புறம், கிராமக் குறியீடு, தேதி இரண்டையும் இதே வரிசையில் சேர்த்து ஒரே இன்டெக்ஸ் போடுங்கள். பேரேட்டில் ஊருக்கு ஒரு பகுதி, அதற்குள் தேதிவாரியாகப் பதிவு என்பதுபோல. தேதியை முன்னால் வைத்தால் மூன்று மாதத்தில் எல்லா ஊரையும் புரட்ட வேண்டிவரும். அறுவடை மும்முரத்தில் பகலில் இதைச் செய்ய வேண்டாம், இரவில் செய்யுங்கள்.

ரேம்? ஏற்கெனவே இருப்பதைப் பயன்படுத்துகிறீர்களா என்று பாருங்கள். இன்னோடிபி பஃபர் பூல் (டேபிள் தரவை ரேமில் வைத்துக்கொள்ளும் இடம்) அளவை யாரும் தொடாவிட்டால் அது 128 எம்பிதான்.

இதன் பிறகும் தாமதித்தால் எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் கொடுத்து வரும் வெளியீட்டையும் டேபிள் அமைப்பையும் அனுப்புங்கள், பார்க்கிறேன்.