ஒற்றுமையை எப்படிக் கேட்பது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் சமூகவியல் முதுகலை மாணவி. அக்கம்பக்கத்தார் ஒற்றுமையாக இருக்கும் இடங்களில் குற்றம் குறைவு என்று காட்ட, நான்கு குடியிருப்புகளில் 160 பேரிடம் கணக்கெடுத்தேன். "உங்கள் பகுதியில் ஒற்றுமை இருக்கிறதா?" என்று கேட்டால் ஏறக்குறைய எல்லோரும் "ஆமாம்" என்கிறார்கள். வழிப்பறி மிகுந்த பகுதியிலும் அதே பதில்தான். ஒற்றுமையை அளக்கவே முடியாதா?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

அளக்கலாம். கேள்விதான் சரியில்லை. வாசலில் வந்து நிற்கும் முன்பின் தெரியாத ஒருவரிடம் "எங்கள் தெருவில் ஒற்றுமை இல்லை" என்று யார் சொல்வார்கள்? ஒற்றுமை என்ற சொல்லையே படிவத்திலிருந்து எடுத்துவிடுங்கள். ஒரு சூழலைச் சொல்லி, அதில் அண்டை வீட்டார் என்ன செய்வார்கள் என்று கேளுங்கள்.

ராபர்ட் சாம்ப்சன், ஸ்டீபன் ராடன்புஷ், ஃபெல்டன் ஏர்ல்ஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் அமெரிக்காவின் சிகாகோ நகரில் அப்படித்தான் கேட்டார்கள். 1995இல் 343 பகுதிகளில் 8,782 பேரைப் பேட்டி கண்ட ஆய்வு அது, 1997இல் வெளிவந்தது. பள்ளிக்கு மட்டம் போட்ட பிள்ளைகள் தெருமுனையில் நிற்கிறார்கள். சுவரில் பெயிண்ட் அடித்துக் கிறுக்குகிறார்கள். பெரியவர் ஒருவரிடம் மரியாதை இல்லாமல் பேசுகிறார்கள். வீட்டு வாசலில் அடிதடி நடக்கிறது. பக்கத்துத் தீயணைப்பு நிலையத்துக்கு நிதியை வெட்டப் பார்க்கிறார்கள். ஒவ்வொன்றிலும் அக்கம்பக்கத்தார் தலையிடுவார்களா என்பதற்கு ஐந்து படிகளில் விடை. "நீங்கள் தலையிடுவீர்களா" என்று கேட்கவில்லை, கவனியுங்கள். அப்படிக் கேட்டால் தான் எப்படி இருக்க ஆசைப்படுகிறாரோ அதைத்தான் ஒருவர் சொல்வார்.

இதோடு நம்பிக்கை பற்றி ஐந்து வாக்கியங்கள். "இங்குள்ளவர்கள் உதவத் தயங்கமாட்டார்கள்" என்பது போல மூன்று. "இங்குள்ளவர்களுக்குள் ஒத்துப்போவதில்லை" என்பது போல எதிர்மறையாக இரண்டு. எல்லாவற்றுக்கும் தலையாட்டுபவரை இந்த இரண்டும் காட்டிக்கொடுத்துவிடும். கூட்டும்போது இவற்றின் மதிப்பெண்ணைத் திருப்பிப் போட வேண்டும். மறந்தால் மொத்த அளவுகோலும் கெடும். பகுதி அளவில் தலையிடுவது, நம்பிக்கை என்ற இரண்டு தொகுதிகளுக்கும் இடையே 0.80 ஒட்டுறவு (ஒன்று கூடினால் மற்றதும் கூடும் அளவு; 1 என்றால் முழுப் பொருத்தம்) இருந்ததால் இரண்டையும் சேர்த்து ஒரே அளவாக்கினார்கள். அதைத்தான் 'கூட்டுச் செயல்திறன்' என்கிறோம்.

இதை நட்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வீட்டுக்கு வீடு உறவாக இருக்கும் தெருவில், கத்தியோடு திரியும் பையனும் யாரோ ஒருவருக்கு அக்கா மகன். அவனை எல்லோருக்கும் தெரியும், அதனாலேயே யாரும் வாய் திறப்பதில்லை. பெயர்கூடத் தெரியாதவர்கள் வாழும் தெருவில் அடிதடி என்றதும் நாலு பேர் கீழே இறங்கி வரலாம். நாம் அளப்பது, இப்படி யாராவது தலையிடுவார்கள் என்ற எதிர்பார்ப்பை.

உங்கள் ஆய்வின் பெரிய சிக்கல் வேறு. 160 பேரைக் கேட்டிருந்தாலும், பகுதிகளை ஒப்பிடும்போது உங்களிடம் இருப்பது நான்கே அலகுகள். நான்கு புள்ளிகளை வைத்து எந்த உறவையும் நிறுவ முடியாது. சிகாகோவில் பகுதிக்குச் சராசரியாக 25 பேர். 20 பேர் இருந்தாலே அளவின் நம்பகத்தன்மை (1 என்றால் பிழையே இல்லை) 0.80, 50 பேர் என்றால் 0.91. ஆகவே ஒரே இடத்தில் ஆட்களைக் குவிக்காமல், பகுதிக்கு 20 பேர் என்று வைத்து முடிந்த அளவு பகுதிகளைக் கூட்டுங்கள். பூட்டிய வீட்டுக்குப் பதில் அடுத்த வீட்டைத் தட்டாதீர்கள். வேலைக்குப் போகிறவர்களும் தனியாக வாடகைக்கு இருப்பவர்களும் அங்கேதான் விடுபடுகிறார்கள். மாலையிலும் விடுமுறை நாளிலும் திரும்பப் போய்ப் பாருங்கள்.

குற்றத்தை எதிலிருந்து எடுக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நம்பிக்கை பற்றிக் கேட்டவரிடமே குற்றத்தையும் கேட்டால், கொள்ளை போனவர் இரண்டுக்கும் கசப்பாகத்தான் பதில் சொல்வார். இல்லாத உறவு இருப்பதாகத் தெரியும். காவல்துறைப் பதிவிலும் ஆபத்து உண்டு: நம்பிக்கை உள்ள இடத்தில் புகார் கொடுப்பவர்கள் அதிகம், அங்கே திருட்டு மிகுந்தது போலத் தோன்றும். கொலைக் கணக்கில் இந்தக் கோணல் மிகக் குறைவு. சிகாகோவில் மக்களின் கணிப்பு, அவரவர் வீட்டுக்கு நேர்ந்த வன்முறை, கொலைப் பதிவு என மூன்றையும் பார்த்தார்கள். முந்தைய ஆண்டுகளின் கொலை வீதத்தையும் கணக்கில் கொண்டார்கள், ஏனென்றால் வன்முறைக்குப் பயந்தே மக்கள் ஒதுங்கியிருக்கலாம். சந்தைப் பகுதி ஏதேனும் இருந்தால் தனியே வையுங்கள். பகலில் ஆயிரக்கணக்கானோர் வந்துபோகும் இடத்தில் குற்ற எண்ணிக்கையைக் குடியிருப்பவர் தொகையால் வகுத்தால் வீதம் தாறுமாறாக ஏறும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சிகாகோவில் குவிந்த வறுமை (ஏழைகள் ஒரே பகுதியில் திரண்டிருப்பது), குடியேறியோர் செறிவு, குடியிருப்பு நிலைத்தன்மை (மக்கள் இடம் மாறாமல் நெடுநாள் வாழ்வது) ஆகிய மூன்றும் சேர்ந்தே கூட்டுச் செயல்திறனில் பகுதிக்குப் பகுதி இருந்த வேறுபாட்டில் 70 விழுக்காட்டை விளக்கின. இதைப் பார்க்காமல் "அந்த மக்களிடம் ஒற்றுமை இல்லை" என்று எழுதினால், வறுமைக்கான பழியை வறியவர் தலையிலேயே கட்டுகிறோம். எத்தனை ஆண்டாகக் குடியிருக்கிறார், சொந்த வீடா வாடகையா, வீட்டில் எத்தனை பேருக்கு வருமானம் என்ற மூன்று கேள்விகளையும் படிவத்தில் சேர்த்துவிடுங்கள்.