பாஸ்போர்ட் ரெண்டு வைத்துக்கொள்ளலாமா?

வெளிநாட்டுக் குடியுரிமை பற்றிக் கேளுங்கள் என்று சொன்னாலும் சொன்னேன், மூன்று நாளில் கேள்விகள் குவிந்துவிட்டன. நான் வக்கீல் இல்லை. 22 வருடமாகச் சென்னையில் விசா, குடியுரிமை விண்ணப்பங்களுக்குக் காகிதம் சேர்த்துக் கொடுக்கிற வேலை. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன். பெயர்களை எடுத்துவிட்டேன், சில கேள்விகளைப் படித்தால் ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

சார், என் பார்ட்னர் ஒரு கரீபியன் தீவின் பாஸ்போர்ட் வாங்கிவிட்டார். இந்தியப் பாஸ்போர்ட்டும் கையில் இருக்கிறது. நானும் அப்படி ரெண்டையும் வைத்துக்கொள்ளலாமா? (திருப்பூர், பனியன் ஏற்றுமதி)

முடியாது. உங்கள் பார்ட்னர் பீரோவில் வைத்திருக்கும் இந்தியப் பாஸ்போர்ட் இப்போது வெறும் வில்லங்கம். 1955 குடியுரிமைச் சட்டத்தின் 9-வது பிரிவுப்படி, ஒருவர் தானாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றால் அப்போதே இந்தியக் குடியுரிமை போய்விடும். யாரும் ஆணை போட்டுப் பறிக்க வேண்டியதில்லை. அதற்குப் பிறகு இந்தியப் பாஸ்போர்ட்டைக் காட்டிப் பயணம் போனால் அது குற்றம்.

முறையாகச் செய்தால், பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைத்து சரண்டர் சர்டிபிகேட் வாங்கி, பிறகு ஓசிஐ (ஓவர்சீஸ் சிட்டிசன் ஆஃப் இந்தியா) அட்டைக்குப் போட வேண்டும். ரத்து முத்திரை குத்திய பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுப்பார்கள். அதைக் கையில் வாங்கியதும் ஒரு பெரியவர் என் எதிரிலேயே முத்திரையைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார், அழியுமா என்று. ஓசிஐ என்ற பெயரில் 'சிட்டிசன்' என்று வருவதால் பலர் ஏமாறுகிறார்கள். அது ஆயுள் முழுக்கச் செல்லும் விசா, அவ்வளவுதான். ஓட்டு கிடையாது. ஆகவே இந்தியர்களுக்கு 'இரண்டாவது' குடியுரிமை என்று ஒன்று இல்லை. இருப்பதைக் கொடுத்து வேறொன்றை வாங்குகிறோம்.

சரி, ஒன்றைக் கொடுத்தே வாங்குகிறோம் என்று வையுங்கள். என்ன விலை? என்ன கிடைக்கும்? (பெயர், ஊர் வேண்டாம் என்றவர்)

பணத்துக்குக் குடியுரிமை தரும் திட்டத்தை 1984-ல் தொடங்கி வைத்தது செயின்ட் கிட்ஸ் அண்ட் நெவிஸ். அப்புறம் டொமினிக்கா, கிரெனடா, ஆன்டிகுவா, செயின்ட் லூசியா என்று வரிசையாக வந்தன. இது அந்த நாட்டுச் சட்டப்படி முழுக்க நேர்வழி. அரசு நிதிக்கு நன்கொடை கொடுக்கலாம், இல்லையென்றால் அரசு அனுமதித்த கட்டடத் திட்டத்தில் முதலீடு செய்யலாம். ஏஜென்டுகள் விலையைக் குறைத்துக் குறைத்துக் கூவி விற்றதில் பேர் கெட்டுப்போய், 2024-ல் நான்கு நாடுகள் கூடி 2 லட்சம் டாலருக்குக் கீழே போவதில்லை என்று ஒப்பந்தம் போட்டன. வக்கீல் கட்டணம், பின்னணி விசாரணைக் கட்டணம் எல்லாம் தனி. இந்தியாவிலிருந்து ஒருவர் ஒரு நிதியாண்டில் 2.5 லட்சம் டாலர்வரைதான் அனுப்ப முடியும் என்பதையும் கணக்கில் வையுங்கள். மீதியை ஹவாலாவில் அனுப்பலாம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். நேர்வழி அந்த இடத்தில் முடிந்துபோகிறது.

கிடைப்பது என்ன? ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்கு (ஒரே விசாவில் சுற்றக்கூடிய நாடுகள்) விசா இல்லாமல் போகலாம், இப்போதைக்கு. அந்த 'இப்போதைக்கு' மேல்தான் உங்கள் 2 லட்சம் டாலர் நிற்கிறது. விற்பது ஒரு நாடு, கதவைத் திறப்பது வேறொரு நாடு. கனடா 2014-ல் செயின்ட் கிட்ஸுக்கும், 2017-ல் ஆன்டிகுவாவுக்கும் விசா கட்டாயமாக்கியது. பிரிட்டன் 2023-ல் டொமினிக்காவுக்கும், இதேபோல் குடியுரிமை விற்கும் பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவுக்கும் கதவைச் சாத்தியது. வனுவாட்டுவுக்கு ஐரோப்பிய ஒன்றியமும் 2024 டிசம்பரில் முழுதாக மூடிவிட்டது. பணம் திரும்பி வராது.

ஐரோப்பாவிலேயே நேராக வாங்க முடியாதா?

காலம் கடந்துவிட்டது. சைப்ரஸ் விற்றுக்கொண்டிருந்தது. குற்றப் பின்னணி உள்ள ஒரு கற்பனைச் சீனருக்காக உதவி கேட்பதுபோல அல் ஜசீரா நிருபர்கள் 2020-ல் போய் ரகசியமாகப் படம் பிடித்தார்கள். நாடாளுமன்ற சபாநாயகரே அதில் மாட்டி ராஜினாமா செய்தார். திட்டத்தையும் அந்த நவம்பரோடு மூடினார்கள். மிச்சமிருந்தது மால்டா. உண்மையான உறவு இல்லாதவருக்குக் காசுக்குக் குடியுரிமை தருவது ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்துக்கு எதிரானது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. கோல்டன் விசா வேறு; அது குடியிருக்கும் உரிமை மட்டும். ரெண்டையும் குழப்பி விற்கிறார்கள், கவனம்.

பெரிய மோசடி செய்தவர்கள் எல்லாம் தீவுப் பாஸ்போர்ட் வாங்கித் தப்பித்துவிட்டார்களே? நீங்கள் எங்களுக்கு மட்டும் சட்டம் சொல்கிறீர்கள். (மதுரை)

கோபம் நியாயம்தான், ஆனால் கதையைக் கடைசிவரை பாருங்கள். பஞ்சாப் நேஷனல் வங்கி மோசடியில் குற்றம் சாட்டப்பட்ட மெஹுல் சோக்சி 2017-ல் ஆன்டிகுவா குடியுரிமை வாங்கினார், 2018 ஜனவரியில் இந்தியாவை விட்டுப் போனார். விண்ணப்பத்தில் உண்மையை மறைத்தார் என்று சொல்லி அதே ஆன்டிகுவா அவர் குடியுரிமையைப் பறிக்கக் கிளம்பியது. வருடக்கணக்கில் வழக்கு. 2025 ஏப்ரலில் பெல்ஜியத்தில் கைதானார். ஐபிஎல் நிதி முறைகேட்டுக் குற்றச்சாட்டுக்கு ஆளான அதன் முன்னாள் தலைவர் லலித் மோடி வனுவாட்டு பாஸ்போர்ட் வாங்கி, 2025 மார்ச்சில் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்கப் போனார். செய்தி வெளியானதும், நாடு கடத்தலைத் தவிர்ப்பது குடியுரிமைக்கு ஏற்ற காரணம் ஆகாது என்று வனுவாட்டு பிரதமர் அந்தப் பாஸ்போர்ட்டை ரத்து செய்யச் சொல்லிவிட்டார்.

குடியுரிமை வழக்குகளில் நான் பார்த்தது இதுதான்: எந்த வழியில் வந்தாலும் விண்ணப்பத்தில் ஒரு பொய் இருந்தால் அது பத்து வருடம் கழித்தும் எழுந்து உட்காரும்.

அண்ணா, அமெரிக்க சிட்டிசன் பெண் ஒருத்தர் 'பேப்பர் மேரேஜுக்கு' ஒத்துக்கொள்கிறார். 20 லட்சம். மூன்று வருடத்தில் சிட்டிசன் ஆகிவிடலாம் என்கிறார்கள். (எச்1பி வேலை விசா லாட்டரியில் மூன்று முறை விழாதவர்)

தம்பி, வேண்டாம். மூன்று வருடக் கணக்கு உண்மையாகக் குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு. கல்யாணமாகி ரெண்டு வருடத்துக்குள் கிடைப்பது நிபந்தனை கிரீன் கார்டு. ரெண்டு வருடம் முடியும்போது இருவரும் சேர்ந்து, கல்யாணம் நிஜம் என்று மறுபடி நிரூபிக்க வேண்டும். சந்தேகம் வந்தால் தனித்தனி அறையில் உட்கார வைத்து ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: காலையில் முதலில் எழுவது யார், குப்பை வண்டி என்றைக்கு வரும், படுக்கையில் யார் எந்தப் பக்கம். நடுவில் அந்தப் பெண் "இன்னும் பத்து லட்சம்" என்று கேட்டால் யாரிடம் போய்ச் சொல்வாய்? மாட்டினால் 5 வருடம்வரை சிறை, 2.5 லட்சம் டாலர்வரை அபராதம். அதைவிடப் பெரிய அடி ஒன்று: போலிக் கல்யாணம் என்று ஒரு முறை பதிவாகிவிட்டால், நாளைக்கு நிஜமாகவே ஒரு அமெரிக்கப் பெண்ணைக் கட்டினாலும் அவர் உனக்கு மனுப் போட முடியாது.

என் தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தா (சிப்பாய்). வியட்நாமில், சைகோனில் இருந்தார். எனக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைக்குமா? (புதுச்சேரி, முத்தியால்பேட்டை)

எனக்குப் பிடித்த கேள்வி. புதுச்சேரியை ஒப்படைக்கும் உடன்படிக்கை 1956-ல் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16 அன்று அமலுக்கு வந்தது. அன்றைக்கு உங்கள் தாத்தா எங்கே குடியிருந்தார் என்பதுதான் எல்லாம். புதுச்சேரியில் பிறந்து அங்கேயே இருந்தவர்கள் தானாக இந்தியர் ஆனார்கள். பிரெஞ்சுக்காரராகவே இருக்க வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். சைகோன் மாதிரி வெளிநாட்டில் குடியிருந்தவர்களோ எதையும் எழுதாமலேயே பிரெஞ்சுக்காரர்களாகத் தொடர்ந்தார்கள். அதனால் ஒரே தாய் வயிற்றில் பிறந்த அண்ணன் பிரெஞ்சுக் குடிமகன், தம்பி இந்தியக் குடிமகன் என்று ஆன வீடுகள் உங்கள் ஊரில் உண்டு. அண்ணன் வீட்டுக்கு பென்ஷன் வரும், தம்பி வீட்டுக்கு அதைப் பற்றிய பேச்சு வரும்.

தாத்தா பிரெஞ்சுக்காரராகவே இருந்திருந்தாலும் ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. குடும்பம் 50 வருடத்துக்கு மேல் பிரான்சுக்கு வெளியே இருந்து, அப்பாவும் நீங்களும் பிரெஞ்சுக்காரர் என்ற அடையாளத்தோடு எங்கும் நடந்துகொள்ளவில்லை என்றால், வம்சாவளியைக் காட்டி நிரூபிக்க அந்த நாட்டுச் சிவில் சட்டம் விடாது. 1962-லிருந்து எண்ணினால் 2012-லேயே கணக்கு முடிந்துவிட்டது. அப்பாவின் பிறப்பு தூதரகத்தில் பதிவாகியிருக்கிறதா, பழைய பிரெஞ்சு அடையாள அட்டை ஏதாவது டிரங்குப் பெட்டியில் கிடக்கிறதா என்று முதலில் தேடுங்கள். பெயர் எழுத்து மாறியிருந்தால் நீதிமன்றம் போய்த் திருத்தலாம், அது நேர்வழி. வேறொருவர் தாத்தாவை உங்கள் தாத்தா ஆக்கித் தருகிறேன் என்று ஒரு தரகர் வருவார். அவருக்குக் காபி மட்டும் கொடுத்து அனுப்புங்கள்.

எட்டு லட்சம், முப்பது நாள், ஒரிஜினல் ஐரோப்பியப் பாஸ்போர்ட், "உள்ளே ஆள் இருக்கிறது" என்கிறார்கள். (தஞ்சாவூர்)

பொய். இப்படி ஒன்றை வாங்கிய பையன் ஒருவன் என்னிடம் காட்ட வந்தான். அட்டை, படம், நீர்க்குறி எல்லாம் கச்சிதம். படத்துக்குக் கீழே அம்புக்குறிகளோடு ரெண்டு வரி இருக்குமே, இயந்திரம் படிப்பதற்கு? அதில் பிறந்த தேதி ஆறு இலக்கமாக இருக்கும். மேலே பிறந்த வருடம் 1996, கீழே 71. வேறு யாருடையதோ. அவன் அதை எடுத்துக்கொண்டு விமான நிலையம் போயிருந்தால் அன்றைக்கே உள்ளேதான். நிஜ அலுவலகத்தில் லஞ்சம் கொடுத்து அச்சடித்த நிஜப் பாஸ்போர்ட்டாக இருந்தாலும் குடியுரிமை வந்துவிடாது. பாஸ்போர்ட் சான்றுதான், சான்று சொல்லும் விஷயம் இல்லை என்றால் சான்றை என்ன செய்வது?

குழந்தை அமெரிக்காவில் பிறக்கட்டும் என்று டூரிஸ்ட் விசாவில் போகலாமா?

குழந்தைக்குக் குடியுரிமை வாங்குவதே முதன்மை நோக்கம் என்று தெரிந்தால் விசா தரக்கூடாது என்று 2020-லேயே விதி போட்டுவிட்டார்கள். மறைத்துச் சொன்னால் அது உங்கள் விசாக் கோப்பில் பொய்யாக நிற்கும். தற்காலிக விசாக்காரர்களின் குழந்தைகளுக்கு இந்த உரிமையே கூடாது என்று டிரம்ப் 2025 ஜனவரியில் உத்தரவு போட்டு, அதற்கு மேல் வழக்கோ வழக்கு.

சிங்கப்பூரில் பிஆர் (நிரந்தரக் குடியிருப்புரிமை). மகனுக்கு 14 வயது. குடியுரிமை எடுக்கலாமா?

இந்தியக் குடியுரிமையை விட வேண்டும், சிங்கப்பூரும் ரெட்டைக் குடியுரிமை ஒப்பாது. நீங்கள் எடுக்காவிட்டாலும், உங்கள் வழியாக பிஆர் ஆன மகனுக்கு ரெண்டு வருட தேசிய சேவை (கட்டாய ராணுவ சேவை மாதிரி) உண்டு. அதைத் தவிர்க்க பிஆரை விட்டுவிட்டுப் போனால் பிற்பாடு அங்கே படிக்கவோ வேலைக்கோ விண்ணப்பிக்கும்போது இடிக்கும். மகனிடம் கேளுங்கள்.

அண்ணை, நான் அகதியாக ஏற்கப்பட்டு இப்ப கனடாவில் நிரந்தர வதிவுரிமை. சிட்டிசன் இன்னும் எடுக்கேல்ல. அம்மாவுக்குச் சுகமில்லை, நல்லூர்த் திருவிழாவும் வருது. இலங்கைப் பாஸ்போர்ட் எடுத்துப் போய் வரலாமோ? (ஸ்காபரோ)

தயவுசெய்து முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். எந்த நாட்டுக்குப் பயந்து வந்தீர்களோ அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டை எடுத்து அங்கேயே போனால், 'பாதுகாப்பு இனித் தேவையில்லை' என்று அகதி நிலையை நீக்க அரசு மனுப் போடலாம். 2012-க்குப் பிறகு அதோடு நிரந்தர வதிவுரிமையும் போய்விடும். கனடியக் குடியுரிமை கையில் வந்துவிட்டால் இந்த ஆபத்து இல்லை. ஐந்து வருடத்தில் 1,095 நாள் இருந்திருந்தால் விண்ணப்பிக்கலாம், நாட்களை எண்ணிப் பாருங்கள். அம்மாவை மூன்றாவது நாடு ஒன்றில் சந்திக்கும் குடும்பங்களும் உண்டு. பிற்பாடு இலங்கையின் ரெட்டைக் குடியுரிமைக்கும் போடலாம். இந்தியா மாதிரி அங்கே தடை இல்லை. ஆனால் நாடாளுமன்றத்துக்கு நிற்க முடியாது.

அமெரிக்கக் குடியுரிமை எடுத்துவிட்டேன், ஓசிஐ இருக்கிறது. ஒரத்தநாட்டில் அப்பாவின் நாலு ஏக்கர் நஞ்சை என்ன ஆகும்?

ஒன்றும் ஆகாது. வாரிசாக வருவதை வைத்துக்கொள்ளலாம். பக்கத்து வயலைப் புதிதாக வாங்கத்தான் முடியாது. விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு மூன்றும் ஓசிஐக்காரர்களுக்குக் கிடையாது. கூடப் பிறந்தவர்கள் இருந்தால் அவர்கள் பெயரோடு உங்கள் பெயரும் பட்டாவில் ஏறட்டும். விற்க வேண்டி வந்தால் இந்தியாவில் குடியிருக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்கலாம். டல்லாஸில் இருக்கும் உங்கள் மச்சான் எவ்வளவு கேட்டாலும் அவருக்கு முடியாது.