ஜூலையில் கடித்த மேடு அக்டோபரில் ஏன் ஓய்ந்தது?

சாம் ரேபர்ன் ஏரியில் ஜூலையில் 20 அடி ஆழத்தில் பாஸ் (bass) மீன் பிடித்த அதே நீரடி மேட்டில், அக்டோபரில் மூன்று வாரமாக ஒரு கடிகூட இல்லை என்று கேட்டிருந்தீர்கள். கோளாறு இடத்தில்தான், தூண்டிலில் இல்லை. ஒரு லட்சம் ஏக்கரைத் தாண்டும் டெக்சாஸ் ஏரி அது. முழுக்கத் தேடினால் பெட்ரோல்தான் தீரும். தண்ணீர் குளிரத் தொடங்கினால் பாஸுக்கு இரையாகும் ஷாட் (shad) என்ற சிறு மீன் கூட்டம் ஓடைகளுக்குள் நுழையும், பாஸும் பின்னாலேயே போகும். ஓடை வாயில் தொடங்கி உள்ளே போங்கள். விடியலில் தூறல் விழுந்தாற்போல் மேல்தண்ணீர் பொடிப்பொடியாகத் துள்ளினால் அது ஷாட். அதன் ஓரத்தில் முங்கிக் கிடக்கும் அடிக்கட்டையை உரசுகிற மாதிரி, விரல் நீள வெள்ளி நிறக் கிராங்க்பெய்ட்டை (மீன் வடிவப் போலி இரை) இழுங்கள். கட்டையில் முட்டியதும் ஒரு நொடி நிறுத்துங்கள். எனக்குப் பாதிக் கடி அந்த நொடியில்தான். தண்ணீர் கலங்கி அழுகிய முட்டை வாடை அடித்தால் அடிநீர் மேலே வருகிறது என்று அர்த்தம். அங்கே நிற்காமல் அடுத்த ஓடைக்குப் போய்விடுங்கள்.