பந்து பதில்கள்: பதினொன்றாம் இடத்துக் கேள்விகள்

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் நம் ஊர்க் கால்பந்து அணி சென்னையின் எஃப்சி பற்றித்தான். 2024–25 இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) சீசனில் 24 ஆட்டம், 27 புள்ளி, 13 அணிகளில் 11ஆம் இடம். அது போதாதென்று புவனேஸ்வரில் சூப்பர் கப், முதல் ஆட்டத்திலேயே மும்பையிடம் 0–4. ஆற்றாமையில் எழுதியவர்கள் உண்டு, குத்திக்காட்டவே எழுதியவர்களும் உண்டு. இரண்டு பேருக்கும் பதில் சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் தெருவில் உங்களை 'நீலச் சட்டைத் தாத்தா' என்பார்கள். இப்படி ஒரு சீசனுக்கு அப்புறமும் எந்த முகத்தோடு அந்தச் சட்டையைப் போடுகிறீர்கள்? (பெரம்பூர் வாசகர்)

இருக்கிற முகத்தோடுதான் தம்பி. தோற்கிற அணிக்குச் சட்டை போடுவது எனக்குப் புதிதில்லை. ஐ.சி.எஃப். காலனியில் வளர்ந்தவன் நான். அப்பா கையைப் பிடித்துக்கொண்டு சென்னை லீக் மேட்ச் பார்க்கப் போன நாளிலிருந்து, ஜெயிக்கிற பக்கம் சேர எனக்குத் தெரியவே இல்லை.

ஆனால் இந்த சீசன் வேறு மாதிரி வலித்தது. ஆரம்பத்தைப் பாருங்கள். முதல் ஆட்டம் ஒடிசா ஊரில், 3–2 வெற்றி. ஃபாரூக் சவுத்ரி இரண்டு கோல். அக்டோபரில் குவாஹாட்டி போய் நார்த்ஈஸ்டை அடித்தோம். நவம்பரில் ஜாம்ஷெட்பூருக்கே போய் 5–1. வெளியூர் போனால் புலி. சொந்த ஊரில்? செப்டம்பரில் முதல் வீட்டு ஆட்டம், எதிரே முகமதன் ஸ்போர்ட்டிங். ஐ.எஸ்.எல்.லுக்கு அப்போதுதான் ஏறி வந்தவர்கள். 0–1. சீசன் முழுக்க அவர்கள் ஜெயித்ததே இரண்டு ஆட்டம், அதில் ஒன்றை நாம் தட்டில் வைத்துக் கொடுத்தோம். பெரியமேட்டு நேரு ஸ்டேடியத்தில் நம் ஆள்கள் முதல் வெற்றியைக் கண்டது டிசம்பர் 11, ஹைதராபாத்துக்கு எதிராக, ஒற்றை கோலில். வீட்டில் விளையாடிய 12 ஆட்டத்தில் மூன்றுதான் வெற்றி.

ஜனவரியில் கொல்கத்தாவில் அதே முகமதனிடம் 2–0 முன்னிலை. சரி, இன்று மூன்று புள்ளி என்று நான் தண்ணீர் குடிக்க எழுந்தேன். இஞ்சுரி டைமில் ஒன்று, அப்புறம் இன்னொன்று. 2–2. என் மருமகள் அடுப்படியிலிருந்து, "மாமா, பிரஷர் மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்டாள். கேள்வி நியாயமானது.

கேள்வி: சீசனில் ஒரே ஒரு நல்ல இரவு சொல்லுங்கள் பார்ப்போம். (கொளத்தூர் வாசகி)

மார்ச் 9, கடைசி வீட்டு ஆட்டம், ஜாம்ஷெட்பூர். முதல் ஆறு இடத்துக்காரர்கள் ஆடுகிற பிளே-ஆஃப் கதை எப்போதோ முடிந்துவிட்டது. போதாக்குறைக்கு அன்றுதான் துபாயில் இந்தியா–நியூசிலாந்து சாம்பியன்ஸ் டிராபி ஃபைனல். ஸ்டாண்டில் எனக்கு முன் வரிசையில் நான்கு கல்லூரிப் பையன்கள். நான்கு பேரும் ஒரே கைபேசியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இங்கே கோல் விழுந்தால் துள்ளி எழுந்து கத்துவார்கள், உடனே உட்கார்ந்து, "மச்சான், யார் அவுட்டு?" என்று குனிந்துகொள்வார்கள். எழுந்து எழுந்து அவர்களுக்குக் கால் வலித்திருக்கும், ஏனென்றால் நம்மவர்கள் ஐந்து கோல் போட்டார்கள். 5–2. அங்கே இந்தியாவும் கோப்பையை வாங்கியது. வெளியே வரும்போது சைடன்ஹாம்ஸ் சாலையில் பட்டாசு வெடித்தது. எதற்கு வெடித்தார்கள் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு நிமிடம் நமக்குத்தான் என்று வைத்துக்கொண்டேன்.

ஒரே அணியை ஒரே சீசனில் 5–1, 5–2 என்று அடிக்கத் தெரிந்தவர்களுக்கு 11ஆம் இடம். நீங்களே சொல்லுங்கள்.

கேள்வி: மெஸ்ஸியா, ரொனால்டோவா? (பல்லாவரம் வாசகர்)

எலானோ. 2014இல் நம் அணிக்கு ஆடிய அந்த பிரேசில்காரர் ஃப்ரீ கிக் எடுக்கப் பந்தை வைத்துவிட்டு நான்கு எட்டு பின்னால் நடந்த நடையைப் பார்த்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். 8 கோல், அந்த முதல் சீசனில் அதிக கோல் போட்டவருக்கான தங்கக் காலணி.

கேள்வி: எல்லாவற்றுக்கும் கோச் ஓவன் காயில்தானே காரணம்? போனதும் நல்லதுதானே? (அம்பத்தூர் வாசகர்)

நான் அப்படிச் சொல்ல மாட்டேன். 2019 டிசம்பரில் அணி தரையில் கிடந்தபோது இதே காயில் வந்தார். நான்காம் இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், அரையிறுதியில் கோவாவை 6–5 என்று இரண்டு ஆட்ட மொத்தக் கணக்கில் முடித்து, ஃபைனலில் நிறுத்தினார். 2020 மார்ச் 14, கொரோனா பயத்தில் ஆளே இல்லாத ஃபதோர்டா மைதானம், கொல்கத்தாவின் ஏ.டி.கே.யிடம் 1–3. அதற்குப் பிறகு லாஸ்லோ, பாண்டோவிச், பிர்டாரிச் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். வரிசையாக மூன்று சீசன் எட்டாம் இடம். திரும்ப 2023இல் காயில் வந்து ஆறாம் இடம் பிடித்து பிளே-ஆஃபுக்குக் கூட்டிப் போனார். ஆள் மாறினால் இடம் மாறும் என்றால் நாம் எப்போதோ சாம்பியன்.

என் கணக்கு வேறு. முன்னால் ஆட ஆள் இருந்தார்கள். கானர் ஷீல்ட்ஸ் மாதிரி ஓயாமல் ஓடி வாய்ப்பு உருவாக்கிக் கொடுக்கிற ஆள் எந்த அணிக்கும் வேண்டும். வில்மர் ஜோர்டான் கில் கோல் போடத் தெரிந்தவர். ஓட்டை பின்னால். வாங்கிய கோலைப் பாருங்கள்: பெங்களூரில் 4, கொச்சியில் 3, இங்கே நம் கண் முன்னால் கேரளாவிடம் 3. அதைவிட முக்கியம், ஐ.எஸ்.எல்.லில் அந்த சீசன் வரை யாரும் கீழ் டிவிஷனுக்கு இறங்கியதில்லை. கடைசி இரண்டு மாதம் தோற்றாலும் ஜெயித்தாலும் அடுத்த வருஷம் இதே லீக், இதே நாற்காலி. தலைக்கு மேல் கத்தி இல்லாவிட்டால் டிஃபன்ஸ் தூங்கத்தான் செய்யும். இதைக் கோச் தலையில் மட்டும் கட்ட முடியாது.

கேள்வி: ஜனவரியில் நம் மைதானத்திலேயே மஞ்சள் சட்டைக் கேரளா ரசிகர்களின் சத்தம்தான் கேட்டது. வெட்கமாக இல்லையா? (அண்ணா நகர் வாசகர்)

வெட்கம் இல்லை, பொறாமை உண்டு. ஆலப்புழா எக்ஸ்பிரஸ்ஸிலும் மங்களூர் மெயிலிலும் ஏறி வந்தவர்கள், இங்கேயே ஐ.டி. வேலை பார்ப்பவர்கள், டீக்கடை நடத்துபவர்கள் என்று எல்லோரும் வந்து கத்தினார்கள். ஆட்டம் தொடங்கி நான் உட்கார்வதற்குள் முதல் கோல். அப்புறம் நமக்கு ஒரு சிவப்பு அட்டை. முடிவில் 1–3. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மலையாளிப் பெரியவர் மூன்றாவது கோலுக்குப் பிறகு என்னிடம் வறுத்த வேர்க்கடலையை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். கடலை என்ன பாவம் செய்தது?

நம் பக்கம் பி ஸ்டாண்ட் ப்ளூஸும் சூப்பர் மச்சான்ஸும் தொண்டை கிழியக் கத்தாமல் இல்லை. ஆனால் அந்த இரண்டு கூட்டத்தை விட்டு நகர்ந்தால் காலி நாற்காலி. அதைத்தான் அடுத்த கேள்வியில் சொல்ல வேண்டியிருக்கிறது.

கேள்வி: வடசென்னை முழுக்கக் கால்பந்து என்கிறீர்கள். அப்படியானால் ஸ்டாண்ட் ஏன் காலி? (வியாசர்பாடி வாசகர்)

இதற்காகவே காத்திருந்தேன். நேரு ஸ்டேடியம் இருப்பது வடசென்னையின் வாசற்படியில். சென்ட்ரலிலிருந்து நடந்தே போகலாம். அங்கிருந்து பேசின் பிரிட்ஜைத் தாண்டிவிட்டால் வியாசர்பாடி. ஞாயிற்றுக்கிழமை காலையில் முல்லை நகர் கிரவுண்டுக்குப் போய்ப் பாருங்கள். ஒரு பக்கம் பத்து வயசு, ஒரு பக்கம் பதினாறு வயசு, நடுவில் நேற்று வேலைக்குச் சேர்ந்தவன், போன மாதம் ரிட்டயரானவன். ஒருத்தன் ஒற்றைக் காலில் மட்டும் ஷூ போட்டு ஆடுவான், மற்றது தம்பி காலில் இருக்கும். பந்து சுவரில் பட்டுத் திரும்பினாலும் ஆட்டம் நிற்காது, சுவரும் டீமில் சேர்த்திதான்.

அந்தத் தெருக்களிலிருந்து வந்தவர்தான் நந்தகுமார் சேகர். 2023இல் ஒடிசாவுக்கு சூப்பர் கப் வாங்கிக் கொடுத்த அணியில் இருந்தார். அதே வருஷம் ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்காலுக்காக மோகன் பகானுக்கு எதிராக ஒரே கோல் அடித்தார், கொல்கத்தாவே தலையில் வைத்துக் கொண்டாடியது. நம் ஊர்ப் பிள்ளைக்குக் கொல்கத்தாவில் கட்-அவுட். கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து மைக்கேல் சூசைராஜ் ஜாம்ஷெட்பூர், கொல்கத்தா, ஒடிசா என்று சுற்றினார். 2018–19இல் சென்னை சிட்டி எஃப்சி கோயம்புத்தூரை வீடாக வைத்துக்கொண்டு இன்னொரு தேசிய லீக்கான ஐ-லீக்கையே ஜெயித்தது. எட்வின் சிட்னி வன்ஸ்பால் மாதிரி நம் பையன்கள் அதில் ஆடினார்கள். ஆட ஆள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

நம் கிளப்பிலும் ஒரு காலம் இருந்தது. 2018 மார்ச் 13, கோவாவுக்கு எதிரான அரையிறுதி. ஜெஜே முதல் கோல் போட்டார், ஸ்டாண்ட் கத்தியது. மூன்று நிமிடம் கழித்து நம் சென்னைப் பையன் தனபால் கணேஷ் ஹெட்டரில் இரண்டாவதைப் போட்டபோது வந்த சத்தம் வேறு. எனக்குப் பின்னால் ஒருவர், "எங்க ஏரியா பையன்டா!" என்று முன்பின் தெரியாத என் தோளை உலுக்கினார். அவர் சட்டை நீலமில்லை, ஏதோ வெல்டிங் பட்டறையின் காக்கி. அன்று அவரை மைதானத்துக்கு இழுத்து வந்தது எலானோ, மெண்டோசா மாதிரி வெளிநாட்டு நட்சத்திரங்கள் இல்லை.

அந்த வெல்டிங்காரர் இப்போது ஏன் வரவில்லை என்பதுதான் கிளப் கேட்க வேண்டிய கேள்வி. வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு பக்கம் வளர்ந்த ஐந்து பையன்களை அணியில் வைத்து, இரண்டு மூன்று வருஷம் பொறுத்து ஆட விடட்டும். அதே 11ஆம் இடம் வந்தாலும் நான் வாய் திறக்க மாட்டேன். வெளியூர்ப் பையன்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. மணிப்பூரும் மிசோரமும் இல்லாமல் இந்தியாவில் எந்த அணியும் இல்லை, ஜெஜேவே மிசோரம்தான். ஆனால் ஆட்டம் முடிந்து பேசின் பிரிட்ஜ் தாண்டி வீட்டுக்கு நடந்து போகிற ஒருத்தனாவது பதினொருவரில் இருக்க வேண்டாமா?

கேள்வி: 2015 கோப்பை பெரிதா, 2018 கோப்பை பெரிதா? (வேளச்சேரி வாசகி)

வேளச்சேரிக்காரர் கேட்கலாமா இதை? 2015தான். டிசம்பர் வெள்ளத்தில் உங்கள் ஏரியாவில் படகு ஓடிய மாதம். அரையிறுதியை இங்கே நடத்த முடியாமல் புனேவுக்கு மாற்றினார்கள், அங்கே 3–0. சீசன் நடுவில் அட்டவணையில் கடைசியில் கிடந்த அணி அது. டிசம்பர் 20, கோவாவில் கோவா அணியோடு ஃபைனல். எங்கள் வீட்டு மாடியில் அன்றும் மெத்தை காய்ந்துகொண்டிருந்தது. 90ஆவது நிமிடம் வரை 1–2. கோவா கோல்கீப்பர் கட்டிமணி கையிலிருந்தே பந்து உள்ளே போனது, இரண்டு நிமிடத்தில் மெண்டோசா. 3–2. 2018இல் பெங்களூரில் மைல்சன் ஆல்வ்ஸ் கார்னரிலிருந்து இரண்டு ஹெட்டர் போட்டது ஆட்டமாகப் பார்த்தால் இன்னும் சுத்தம். ஆனால் மெத்தை காய்ந்த வருஷத்துக் கோப்பையை எதோடும் சேர்க்க மாட்டேன்.

கேள்வி: நேரு ஸ்டேடியத்தில் கிரிக்கெட் டெஸ்ட் நடந்தது உண்மையா? (மயிலாப்பூர் வாசகர்)

உண்மை. அப்போது அது கார்ப்பரேஷன் ஸ்டேடியம். 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தது அங்கேதான். உலக சாதனையாக 2008 வரை நின்றது. மயிலாப்பூரிலிருந்து கால்பந்துக் கேள்வி வரும் நாளுக்குக் காத்திருக்கிறேன்.

கேள்வி: முதன்முறையாகப் பையனைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றிருக்கிறேன். எங்கே உட்காருவது, எப்படிப் போவது? (தாம்பரம் வாசகர்)

மின்சார ரயிலில் பார்க் ஸ்டேஷனில் இறங்கி நடந்துவிடுங்கள். வண்டி எடுத்து வந்தால் பார்க்கிங்குக்கே பாதி ஆட்டம் போய்விடும். ஆடுகளத்தைச் சுற்றி ஓட்டப்பந்தயத் தடம் இருப்பதால் கீழ் வரிசை டிக்கெட் எடுத்தால் எதிர்ப்பக்க கோல் தெரியாது. நடுவில், கொஞ்சம் மேலே உட்காருங்கள். பையனுக்குக் கூட்டமும் சத்தமும் பிடிக்கும் என்றால் பி ஸ்டாண்ட் பக்கம் போங்கள், ஆனால் அங்கே உட்கார விடமாட்டார்கள், தொண்ணூறு நிமிடமும் நின்றுகொண்டுதான் பார்க்க வேண்டும். நீங்கள் என் வயசுக்காரர் என்றால் எதிர்ப்பக்கம் வாருங்கள்.