ஒன்பது பேர் சேர்ந்து ஒரு சுயாதீன பாப் இசைக்குழு நடத்த முடியுமா?

"நாங்கள் ஒன்பது பேர் சேர்ந்து சொந்தப் பாடல்கள் வாசிக்கும் ஒரு குழுவைத் தொடங்க இருக்கிறோம். இவ்வளவு பேர் உள்ள குழுவில் பாட்டு எப்படி உருவாகும்? மேடையில் எப்படிச் சமாளிப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக முடியும். நான் டொரண்டோவில் பத்துப் பேர் கொண்ட ஒரு ஆல்டர்நேட்டிவ் பாப் குழுவில் டிரம்பெட் வாசிக்கிறேன். எங்களுக்குப் பின்னால் எந்த இசை நிறுவனமும் இல்லை. எல்லோருக்கும் பகலில் வேறு வேலை உண்டு. பெரிய குழு நிலைக்க வேண்டுமானால் அதில் இருப்பவர்கள் தாராளமாக வெளியே போய் வர முடிய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பாட்டுக்கும் இதே விதிதான். குழுவில் இருக்கிற காரணத்துக்காக ஒவ்வொரு பாட்டிலும் எல்லோரும் வாசித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் வந்துவிட்டால் குழுவும் கெடும், பாட்டும் கெடும்.

இதை எங்கள் ஊரில் முன்பே வாழ்ந்து காட்டியவர்கள் புரோக்கன் சோஷியல் சீன். 1999-இல் கெவின் ட்ரூ, பிரெண்டன் கானிங் என்ற இருவர் ஆரம்பித்த குழு அது. 2001-இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தில் பாட்டுக் குரல் மிகக் குறைவு, பெரும்பாலும் மெதுவாக விரியும் வாத்திய இசைதான். அதை மேடைக்குக் கொண்டுபோக ஆள் வேண்டியிருந்ததால் நண்பர்களைக் கூப்பிட்டார்கள். வந்தவர்கள் யார் என்று பாருங்கள்: பாடகி ஃபைஸ்ட், மெட்ரிக் குழுவின் எமிலி ஹெய்ன்ஸ், ஸ்டார்ஸ் குழுவின் ஏமி மில்லன், அதே குழுவில் டிராம்போனும் வாசிக்கும் எவன் கிரான்லி, டூ மேக் சே திங்க் குழுவின் சார்லஸ் ஸ்பியரின். ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு இசை வாழ்க்கை இருந்தது. அதை விட்டுவிட்டு வா என்று யாரும் கேட்கவில்லை. அதனால்தான் சில நாள் ஆறு பேராகவும் சில நாள் 19 பேர் வரையிலும் அந்தக் குழுவால் மேடை ஏற முடிந்தது.

டேவிட் நியூஃபெல்ட் தயாரித்த இரண்டாவது ஆல்பம் 2002-இல் வந்தது. அடுத்த ஆண்டு கனடாவின் இசை விருதுகளான ஜூனோ விருதுகளில் சிறந்த ஆல்டர்நேட்டிவ் ஆல்பமாகத் தேர்வானது. இப்போது கேட்டாலும் எனக்கு வியப்பாக இருப்பது, இத்தனை பேர் இருந்தும் அதில் இருக்கும் வெற்றிடம்தான். ஒரு பாட்டில் பான்ஜோவும் வயலினும் எமிலி ஹெய்ன்ஸின் குரலும் ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டே மெல்ல வளரும். இன்னொன்றில் நாலைந்து கிட்டார்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும். இரண்டையும் ஒரே குழு என்று நம்பவே முடியாது. கெவின் ட்ரூவும் ஜெஃப்ரி ரெமிடியோஸும் சேர்ந்து தொடங்கிய ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ் நிறுவனம், அந்தக் குழுவின் இசையோடு அதில் இருந்தவர்களின் தனி முயற்சிகளையும் வெளியிட்டது. வெளியே போனவர்களின் வளர்ச்சியும் குழுவுக்கு வலு சேர்த்தது.

ஃபைஸ்ட் 2007-இல் உலகம் முழுக்கத் தெரிந்த பாடகி ஆகிவிட்டார். 2009 ஜூலையில், நகராட்சித் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் டொரண்டோ தீவில் நடக்க வேண்டிய குழுவின் கச்சேரி ஏரிக்கரையில் இருக்கும் ஹார்பர்ஃப்ரண்ட்டுக்கு மாறி இலவசமாக நடந்தபோது, அவரும் வந்து நண்பர்களோடு பாடினார். 2017-இல் வந்த குழுவின் ஆல்பத்தில் தலைப்புப் பாடலும் அவர் குரல்தான். கதவைச் சாத்தி வைத்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது என்று நினைக்கிறேன்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பாட்டு எப்படி உருவாகும்?

ஒன்பது பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து சும்மா வாசித்துப் பார்த்தால் பாட்டு வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். எங்களிடம் பெரும்பாலும் இரண்டு மூன்று பேர் சேர்ந்துதான் விதை போடுகிறார்கள். போனில் பதிவு செய்த ஒரு கிட்டார் ஓட்டம், அதன்மேல் முணுமுணுத்த ஒரு மெட்டு, அவ்வளவுதான் வரும். அதை டிரம்ஸ், பேஸ், ஒரு கீபோர்டு என்று மூன்று பேர் மட்டும் வாசித்து நிற்க வைக்கிறோம். மூன்று பேர் வாசித்தும் பாட்டு நிற்கவில்லை என்றால், பத்துப் பேர் வாசித்தாலும் அது நிற்காது. நின்ற பிறகுதான் மற்றவர்கள் வருவோம்.

அப்போது முதலில் பார்க்க வேண்டியது, யாருடைய சத்தம் எந்த உயரத்தில் உட்காருகிறது என்பது. மூன்று கிட்டார்களும் கீபோர்டுகாரரின் இடது கையும் ஒரே இடத்தில் அமுக்கினால் 200 முதல் 500 ஹெர்ட்ஸ் வரைக்குமான பகுதி சேறாகிவிடும். பாடகியின் சொற்கள் அதில் மூழ்கிவிடும். சவுண்ட் இன்ஜினியர் என்ன செய்தும் அதை மீட்க முடியாது, வாசிக்கும்போதே சரி செய்ய வேண்டும். ஒரு கிட்டார், கம்பிகளை அமுக்கிச் சுரத்தை ஏற்றும் கேப்போ கிளிப்பைப் போட்டு மேலே போகட்டும், இன்னொன்று பல சுரங்கள் சேர்ந்த முழுக் கார்டை விட்டுவிட்டு இரண்டு சுரங்களை மட்டும் எடுக்கட்டும், கீபோர்டு இடது கையை பேஸுக்கு விட்டுக்கொடுக்கட்டும்.

ஊதும் வாத்தியம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். கிட்டார்காரர்களுக்கு ஈ மேஜர் என்றால் உயிர், திறந்த கம்பிகள் நன்றாக முழங்கும். ஆனால் என் டிரம்பெட் பி ஃப்ளாட் வாத்தியம், நான் படிக்கும் சுரத்தைவிட ஒரு முழுச் சுரம் கீழே ஒலிக்கும். அவர்களின் ஈ மேஜர் எனக்கு எஃப் ஷார்ப் மேஜர், ஆறு ஷார்ப்புகள், அதாவது அரைச் சுரம் ஏற்றி வாசிக்க வேண்டிய ஆறு சுரங்கள். வேகமான ஓட்டங்களில் விரல்கள் தடுமாறும். நாங்கள் கண்டுபிடித்த வழி, கிட்டார்களை அரைச் சுரம் இறக்கிக் கட்டுவது. அவர்கள் அதே ஈ வடிவத்தைப் பிடிப்பார்கள், ஒலிப்பது ஈ ஃப்ளாட், எனக்கு அது ஒரே ஒரு ஃப்ளாட் உள்ள எஃப் மேஜர். ஆல்டோ சாக்ஸ் வாசிப்பவருக்கு ஷார்ப்போ ஃப்ளாட்டோ இல்லாத சி மேஜர். பாடுகிறவர்களுக்கும் உச்சத்தில் கொஞ்சம் மூச்சு கிடைக்கிறது. ஒரு குழு தன் ஆட்களை மதிக்கிறதா என்பது இப்படிப்பட்ட சின்ன முடிவுகளில்தான் தெரிகிறது.

வாசிக்காமல் நிற்பதையும் ஒத்திகையிலேயே பழக வேண்டும். எனக்கு ஒரு பாட்டில் கடைசி எட்டு பார்களில், அதாவது எட்டு தாளச் சுற்றுகளில் மட்டும்தான் வேலை. அதுவரை கையைத் தட்டுவேன், கோரஸில் பாடுவேன், இல்லை என்றால் சும்மா கேட்டுக்கொண்டிருப்பேன். அந்த எட்டு பார்களில் சாக்ஸும் டிராம்போனும் நானும் சேர்ந்து எழும்போது முன்வரிசையில் இருப்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். முதல் நொடியிலிருந்தே ஊதியிருந்தால் அந்த இடத்துக்கு ஒரு மதிப்பும் இருந்திருக்காது.

மேடைக்கு வந்தால் கணக்கு முக்கியம். டிரம்ஸுக்கு மட்டும் எட்டு மைக். பேஸ் ஒன்று, கிட்டார் மூன்று, கீபோர்டு ஸ்டீரியோ என்பதால் இரண்டு, குரல்கள் ஐந்து, ஊதுபவர்கள் மூன்று. ஆக 22 சேனல்கள், அதாவது 22 தனித்தனி ஒலி வழிகள். சின்ன அரங்குகளில் எல்லாச் சத்தத்தையும் சேர்த்துக் கலக்கும் மிக்சர் இதற்கே திணறலாம். அதனால் யார் எங்கே நிற்பார்கள், எந்தச் சேனலில் என்ன வரும் என்று ஒரு பக்கத் தாளில் வரைந்து, ஒரு வாரம் முன்பே அரங்கத்துக்கு அனுப்பிவிடுங்கள். விழாக்களில் ஒரு குழுவுக்கும் அடுத்த குழுவுக்கும் நடுவில் பெரும்பாலும் 20, 30 நிமிடம்தான் கிடைக்கும். அந்த நேரத்தில் ஒன்பது பேர் கேபிள் தேடினால் முதல் பாட்டு போய்விடும்.

ஊதுபவர்களைப் பாடகர்களுக்குப் பின்னால் நிறுத்தாதீர்கள். டிரம்பெட் சத்தம் நேராகக் குரல் மைக்கில் ஏறும். ஓரமாக, கொஞ்சம் சாய்வாக நிறுத்துங்கள். டிரம்மரின் முகம் எல்லோருக்கும் தெரிய வேண்டும், ஏனென்றால் பாட்டின் நீளம் மேடையில் மாறும், முடிவை அவர்தான் கண்ணால் சொல்வார். ஒவ்வொருவரும் மானிட்டரில், அதாவது வாசிப்பவர்கள் கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கரில், தன் சத்தத்தை ஏற்று என்று கேட்டால் மேடை முழுக்க இரைச்சலாகிவிடும். குரல், கிக் டிரம், ஒரு கீபோர்டு மட்டும் மானிட்டரில் போதும். மற்றதைக் காதால் பக்கத்தில் இருப்பவரிடமிருந்து கேளுங்கள்.

க்வீன் தெருவில் 1947-இலிருந்து இருக்கும் ஹார்ஸ்ஷூ டேவர்ன் மாதிரியான இடங்களில் பத்துப் பேர் ஏறினால் மேடையில் திரும்பக்கூட இடம் இருக்காது. அந்த நெருக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆறு பேர் ஒரே பல்லவியைப் பாடும்போது யாருடைய குரலும் தனியாக அழகாக இருக்க வேண்டிய அவசியமில்லை. கேட்பவர்களுக்கும் தாங்களும் சேர்ந்து பாடலாம் என்ற துணிச்சல் வந்துவிடுகிறது. பெரிய குழு நடத்துவதில் உள்ள எல்லாச் சிரமத்துக்கும் எனக்கு இது ஒன்றே போதும்.

பணம் பற்றிக் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும். ஒரு கச்சேரிக்கு ஆயிரம் டாலர் கிடைத்தால் வண்டி வாடகை, பெட்ரோல், சவுண்ட் போக ஆளுக்கு ஐம்பது, அறுபது மிஞ்சினால் பெரிது. கனடாவில் 1982 முதல் ஃபேக்டர் என்ற அமைப்பு பதிவுக்கும் சுற்றுப்பயணத்துக்கும் உதவித்தொகை தருகிறது. வானொலிகள் வாரத்தில் ஒலிபரப்பும் வெகுஜனப் பாடல்களில் 35 சதவீதம் கனடியப் பாடல்களாக இருக்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. இந்த நாட்டில் இவ்வளவு பெரிய குழுக்கள் தாக்குப்பிடித்ததற்கு இவையும் ஒரு காரணம் என்பது என் கருத்து. உங்கள் ஊரில் அப்படி ஏதும் இல்லை என்றால், குழுவையே பிழைப்பாக நம்பி யாரும் வேலையை விட வேண்டாம்.

அப்புறம், பாட்டின் உரிமைப் பங்கை முதல் பாட்டு வெளியாவதற்கு முன்பே எழுதி வையுங்கள். மெட்டும் வரியும் போட்டவர்களுக்கு ஒரு பாதி, அந்தப் பாட்டை உருவாக்கும்போது அறையில் இருந்து வடிவம் கொடுத்த எல்லோருக்கும் சமமாக மறுபாதி, இது எங்கள் ஏற்பாடு. நடுவில் விலகிப் போனவருக்கும் அவர் வாசித்த பாட்டுகளில் பங்கு தொடரும் என்று அதிலேயே ஒரு வரி சேர்த்திருக்கிறோம். எங்கள் முதல் வயலின் கலைஞர் இப்போது வேறு ஊரில் தன் சொந்தக் குழுவை நடத்துகிறார். இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் வயலினையும் எடுத்துக்கொண்டு வருகிறார்.