அக்காவுக்குக் குளவி வைத்தியம் வேண்டாம்

கேள்வி: எனக்கு 46 வயது. சென்ற மாதம் தென்னந்தோப்பில் மட்டை பொறுக்கும்போது இரண்டு கதண்டுக் குளவிகள் கையில் கொட்டிவிட்டன. முழங்கை வரை வீங்கி, வடிவதற்கு நான்கு நாள் ஆனது. என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய், கீமோதெரபி நடக்கிறது. குளவி விஷம் புற்றுநோயைக் கொல்லும் என்று கைபேசியில் ஒரு செய்தி வந்தது. பக்கத்து ஊரில் ஒருவர் குளவியைக் கொட்டவிட்டு வைத்தியம் செய்கிறாராம். அழைத்துப் போகலாமா?
– வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: அழைத்துப் போகாதீர்கள். உங்களுக்கு வந்த செய்தியில் பாதி உண்மை இருப்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். முழுப் பொய்யை மறுப்பது சுலபம்; பாதி உண்மைதான் எங்களைப் படுத்துகிறது.

பிரேசிலில் பாலிபியா பாலிஸ்டா என்றொரு குளவி உண்டு. அதன் விஷத்தில் எம்பி-1 என்ற பெப்டைடு இருக்கிறது. பெப்டைடு என்றால் புரதத்தின் குட்டித் துண்டு. இதில் கோத்திருப்பவை 14 அமினோ அமிலங்கள் மட்டுமே. நம் செல்லைப் போர்த்தியிருக்கும் சவ்வு ஈரடுக்குக் கொழுப்பால் ஆனது. நல்ல செல்லில் உள்ளடுக்கிலேயே தங்கியிருக்கும் ஒரு வகைக் கொழுப்பு, பல புற்றுநோய்ச் செல்களில் வெளியடுக்குக்கு வந்துவிடுகிறது. எம்பி-1 அதைப் பற்றிக்கொண்டு சவ்வில் ஓட்டை போடுகிறது. 2015இல் பிரேசில், பிரிட்டன் ஆய்வாளர்கள் இதை விளக்கியபோது உலகமெங்கும் செய்தியானது. அவர்கள் ஓட்டை போட்டுப் பார்த்தது ஆய்வகத்தில் தயாரித்த செயற்கைச் சவ்வுகளில். அந்த வரி மட்டும் கைபேசிச் செய்திகளில் எப்போதும் உதிர்ந்துவிடும்.

இனி உங்கள் கைக்கு வருவோம். 1979இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் குளவி விஷத்திலிருந்து மாஸ்டோபரான் என்ற பெப்டைடைப் பிரித்தெடுத்தார்கள். எம்பி-1 இதன் பங்காளி. இதிலும் 14 அமினோ அமிலங்கள்தாம். கதண்டு இனங்களின் விஷத்திலும் இந்த வகைப் பெப்டைடுகள் உண்டு. தோலுக்கடியில் மாஸ்ட் செல்கள் என்ற காவல் செல்கள், அரிப்பும் வீக்கமும் தரும் ஹிஸ்டமின் என்ற பொருளைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி வைத்திருக்கின்றன. மாஸ்டோபரான் பட்டதும் அத்தனையும் அவிழ்ந்து கொட்டுகிறது. தோல் சிவந்து, தடித்து, அரிக்கிறது. கூடவே கைனின் என்ற வேறு பெப்டைடுகள் நரம்பைச் சுண்டுகின்றன. கொட்டிய நொடியில் ‘சுரீர்’ என்றதில் அவற்றுக்கும் பங்குண்டு. நான்கு நாள் வீக்கம் என்றால் ஒவ்வாமையும் சேர்ந்திருக்கிறது.

உயிருள்ள குளவி, எம்பி-1ஐ மட்டும் தனியே அளந்து தராது. மாஸ்டோபரான், கைனின், செல்லைச் சிதைக்கும் நொதிகள், ஒவ்வாமை தரும் புரதங்கள் எல்லாம் ஒரே கொடுக்கில் வரும். கீமோ நடக்கும்போது தட்டணுக்களும் வெள்ளணுக்களும் குறைந்திருக்கும் உடம்பில் இதை ஏற்றுவதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. ‘பலருக்குச் செய்தேன், ஒன்றும் ஆகவில்லை’ என்று அந்த ஆள் சொல்வார். ஸ்பெயினில் ஒரு பெண் இரண்டு ஆண்டுகள் தேனீக் கொட்டு வைத்தியம் எடுத்துக்கொண்டு எந்தத் தொல்லையும் இல்லாமல் இருந்தார். பிறகு ஒரு நாள் ஒரே கொட்டில் ஒவ்வாமை அதிர்ச்சி வந்து, இறந்தே போனார். 2018இல் வெளியான மருத்துவ அறிக்கை இது.

விஷத்திலிருந்து மருந்து வராதா என்றால், வரும். ரத்த அழுத்தத்துக்கான கேப்டோபிரில் மாத்திரைக்கு வழிகாட்டியதே பிரேசில் விரியன் ஒன்றின் விஷத்திலுள்ள பெப்டைடுதான். அதற்காக யாரும் நோயாளியைப் பாம்பிடம் கையை நீட்டச் சொல்லவில்லை.

உங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொட்டிய இடத்தில் மட்டும் பெரிதாக வீங்கியவர்களில், அடுத்த முறை உடம்பு முழுக்க ஒவ்வாமை வருவது பத்தில் ஒருவருக்கும் குறைவு. ஆனாலும் மறுபடி கொட்டி, உதடு தடித்தாலோ, மூச்சு இளைத்தாலோ, தலை சுற்றினாலோ சுண்ணாம்பு தேடிக்கொண்டிருக்காமல் 108ஐ அழையுங்கள். அங்கே தேவை, தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர் என்றால் அதன் பெயரைச் சொல்லுங்கள். அட்டெனலால் போன்றவை அட்ரினலினின் வேலையை மந்தமாக்கும். கூட்டமாகக் கொட்டினால் ஒவ்வாமையே இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மரமேறி ஒருவர் முப்பது நாற்பது கொட்டுடன் வீட்டிலேயே படுத்திருந்துவிட்டு, மூன்றாம் நாள் கடுங்காப்பி நிறத்தில் சிறுநீர் போகிறது என்று என்னிடம் வந்தார். சிதைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தை அடைத்திருந்தது. இரண்டு வாரம் டயாலிசிஸ் செய்தோம்.

தோப்பில் இன்னும் கூடு இருந்தால் இரவில் பந்தம் கொளுத்திக்கொண்டு போகாதீர்கள். 101க்குச் சொன்னால் தீயணைப்பு நிலையத்தார் வந்து அழித்துத் தருவார்கள்.