பட்டாணிக் கணக்கும் மலைவாசிகளின் இரத்தமும்

கேள்வி: மெண்டல் பட்டாணி எண்ணிய கதையைப் பள்ளியில் மனப்பாடம் செய்ததோடு சரி. அந்தக் கணக்கால் இன்று யாருக்கு என்ன பயன்?
– ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: கோத்தகிரியில் இருந்துகொண்டா இதைக் கேட்கிறீர்கள்! 1952-இல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் உங்கள் நீலகிரிப் பழங்குடியினரின் இரத்தத்தில்தான் அரிவாள் செல் என்ற பரம்பரை இரத்தக் கோளாறின் பண்பைக் கண்டார்கள். இந்தியாவில் அதைப் பற்றிய முதல் பதிவுகளில் அது ஒன்று.

சிவப்பணுவில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினில் குளூட்டாமிக் அமிலம் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய ஓர் இடத்தில் வாலின் என்ற வேறொன்று வந்து உட்கார்ந்துவிடுகிறது. பிழை அவ்வளவுதான். ஆக்சிஜன் குறைந்தால் சிவப்பணு அரிவாளாக வளைந்து, நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைக்கும். உயிர்போகிற வலி.

இனி மெண்டலுக்கு வருவோம். உருண்டைப் பட்டாணியையும் சுருங்கிய பட்டாணியையும் கலந்தார். முதல் தலைமுறையில் எல்லாம் உருண்டை. அடுத்ததில் 5474 உருண்டை, 1850 சுருக்கம். ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. மறைந்திருந்த குணம் இருபுறமிருந்தும் வந்து சேர்ந்தபோது தலைகாட்டியது. 1866-இல் அச்சேறிய இந்தக் கட்டுரையை 1900 வரை அநேகமாக யாரும் சீந்தவில்லை. மனிதர் 1884-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

அரிவாள் செல்லும் அப்படித்தான். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் பெரும்பாலும் தொல்லையில்லை. கடுமையான மலேரியாவிலிருந்து ஓரளவு காப்பும் உண்டு. அப்படிப்பட்ட இருவர் மணந்தால், குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, அடுத்த மூன்றும் தப்பிக்கும் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். தவறு. ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் அதே நான்கில் ஒன்றுதான்.

கண்டுபிடிக்கும் சோதனை எளியது. கரைசல் உள்ள கண்ணாடிக் குழாயில் துளி இரத்தம் விட்டு, சில நிமிடம் கழித்துப் பின்னால் கோடு போட்ட தாளைப் பிடிப்பார்கள். கோடு தெரிந்தால் நிம்மதி. கலங்கிக் கோடு மறைந்தால், பிழை ஒருபுறமிருந்து மட்டும் வந்ததா இருபுறமிருந்துமா என்றறிய அடுத்த பரிசோதனை.

2023-இல் பிரிட்டனும் அமெரிக்காவும் இந்த நோய்க்கு, மரபணுவைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டும் கிரிஸ்பர் உத்தியிலான சிகிச்சைக்கு அனுமதி கொடுத்தன. அது பிழையைத் திருத்துவதில்லை. கருவில் இருந்தபோது சுரந்த ஹீமோகுளோபினைப் பிறந்தபின் அடக்கிவைக்கும் மரபணுவின் வேலையை, இரத்தம் உண்டாக்கும் ஸ்டெம் செல்களில் முடக்குகிறது. பழைய ஹீமோகுளோபின் மீண்டும் சுரக்கிறது. அபாரமான யோசனைதான். அமெரிக்காவில் அறிவித்த விலை 22 லட்சம் டாலர்! ஹைட்ராக்ஸியூரியா மாத்திரையும் அதே ஹீமோகுளோபினை ஓரளவு கூட்டுகிறது. இன்றைக்கு என் ஓட்டு மாத்திரைக்கும் கண்ணாடிக் குழாய்க்கும்தான்.

கேள்வி: அத்தை மகனை மணந்தால் குழந்தைக்குக் குறை வருமா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: வந்தே தீரும் என்பதில்லை. ஆனால் அத்தை மகனும் மாமன் மகளும் மரபணுக்களில் சராசரியாக எட்டில் ஒரு பங்கைப் பகிர்கிறார்கள். தாய்மாமனும் அக்காள் மகளும் நான்கில் ஒரு பங்கை. மறைந்திருக்கும் ஒரே பிழை இருபுறமும் இருக்க வாய்ப்பு அதிகம். குடும்பத்தில் யாருக்காவது பரம்பரை நோய் உண்டென்றால், நாள் குறிக்கும் முன் மரபணு ஆலோசகரைப் பாருங்கள். ஜோசியரை அப்புறம் பார்க்கலாம்.